பழைய வேனில் ஆயில் கசிவு: ஊற்றி ஓட்டுவதா, பேக்கிங் மாற்றுவதா, கியர்பாக்ஸை இறக்குவதா?

வேன் நன்றாகத்தான் ஓடுகிறது. இழுவை குறையவில்லை, சைலன்சரில் புகை இல்லை, ஆனால் நிறுத்தின இடத்தில் எல்லாம் கறுப்பாக ஆயில் சொட்டிக் கிடக்கிறது. ஒரு மெக்கானிக் கீழே குனிந்து பார்த்துவிட்டு "பின்பக்க கிராங்க் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார் (கிராங்க் தண்டு இன்ஜினின் பின்னால் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் அந்த சீல்). இன்னொருவர் "இந்த வயசு வண்டியில இது சகஜம், ஊத்தி ஊத்தி ஓட்டுங்க" என்கிறார். ஸ்பேர் கடைக்குப் போனால் கசிவை நிறுத்தும் மருந்து என்று ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஆனால் வேறு வேறு கசிவுகளுக்கு. என் வேனில் நான் செய்த தவறு, கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமலே வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டியது, பின் சீல்தான் என்றார்கள், நம்பி கியர்பாக்ஸை இறக்கச் சொன்னேன். புது சீல் போட்டு இரண்டு நாள் வண்டி நின்று வெளியே வந்த பிறகும் அதே இடத்தில் அதே சொட்டு. கடைசியில் பார்த்தால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின் ஓரத்தில் பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு நடுவில் ஆயிலை அடைக்கும் பட்டை) கல் மாதிரி இறுகிப்போய், அங்கிருந்து வழிந்த ஆயில் இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கில் வந்து சேர்ந்திருக்கிறது. அரை நாள் வேலையில் முடிய வேண்டியது அது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது, கசியும் ஆயில் எதன் மேல் விழுகிறது என்பது. அளவைவிட இது முக்கியம் என்பது என் கருத்து. தரையில் தினமும் சொட்டும் ஆயிலைவிட, ஒரு துளி கூட தரைக்கு வராமல் புகை வெளியேறும் சூடான குழாயான எக்சாஸ்ட் மேனிஃபோல்டு மேல் விழுந்து புகையும் ஆயில் ஆபத்தானது, ஏனென்றால் அது தீப்பிடிக்கலாம். வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தால் ரப்பர் ஊறிப் பல் பிய்ந்துவிடும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்துவிடும். கிளட்ச் பிளேட்டில் பட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர், ரேடியேட்டர் ஹோஸ், ஆல்டர்னேட்டர் என்று ஆயில் படக்கூடாத இடங்கள் நிறைய.

அடுத்து எவ்வளவு என்பது. தரையில் கறை எவ்வளவு பெரியது என்று பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், ஒரு ஸ்பூன் ஆயிலே பெரிய கறையாகப் பரவிவிடும். ஏறக்குறைய 20 துளி சேர்ந்தால் 1 மில்லி. நிமிடத்துக்கு ஒரு துளி என்று 10 மணி நேரம் சொட்டினால் 600 துளி, அதாவது 30 மில்லி. தினமும் இப்படி என்றால் ஒரு மாதத்தில் 900 மில்லி, பல இன்ஜின்களில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையில் இருப்பதே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். இது நிற்கும்போது மட்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச் போன்ற அழுத்தம் உள்ள இடத்தில் கசிந்தால், நிறுத்தியிருக்கும்போது ஒன்றுமே சொட்டாது, ஓடும்போதுதான் பீய்ச்சும். அதனால் சரியான அளவுகோல் தரை அல்ல, டிப் ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் விட்டு அளவு பாருங்கள், கிலோமீட்டரோடு சேர்த்து எழுதி வையுங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும்.

மூன்றாவது, இன்ஜினின் உள் ஆரோக்கியம். பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே கிராங்க் பக்கம் இறங்கினால், அல்லது அந்த வாயு வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். இந்த நிலையில் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

அப்புறம் பாகத்தின் விலைக்கும் கூலிக்கும் உள்ள தூரம், வண்டி எத்தனை நாள் நிற்கும், நின்றால் உங்கள் வேலை நிற்குமா, இந்த வேனை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். இவற்றை நீங்கள்தான் சொல்ல முடியும், மெக்கானிக் சொல்ல முடியாது.

## முடிவுக்கு முன்னால் ஒரு நாள் செலவழித்துக் கண்டுபிடியுங்கள்

சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்பதிலிருந்து தொடங்குங்கள். இரவில் அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையைப் போட்டு, முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்துக்கொள்ளுங்கள். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயிலாக இருக்கலாம். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பில் தண்ணீராக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். கெட்டியாக, கந்தக வாடை மூக்கைத் துளைத்தால் கியர் ஆயில். பெல் ஹவுசிங்கில் சொட்டுவது கியர் ஆயில் என்றால், இன்ஜின் சீலைக் குற்றம் சொல்லி என்ன பயன், அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல்.

சமீபத்தில் சர்வீஸ் செய்த பிறகுதான் கசிவு தொடங்கியது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், முதலில் ஆயில் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டரை மாட்டிவிட்டால் இரண்டு வளையம் ஆகிவிடும், கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுத் திடீரென்று மொத்த ஆயிலையும் கொட்டிவிடும்.

இப்போது முக்கியமான வேலை: இன்ஜினைக் கழுவுவது. பல வருடத்து ஆயிலும் தூசியும் சேர்ந்து பூசியிருக்கும் இன்ஜினில் எங்கிருந்து கசிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறிய இன்ஜினில் டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மின் இணைப்புகளையும் காற்று இழுக்கும் வாயையும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்ததும் 15, 20 நிமிடம் ஓட்டுங்கள், ஐடிலில் விட்டால் மட்டும் போதாது, சூடாகி ஆயில் இளகினால்தான் சில கசிவுகள் தெரியும். பிறகு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து மேலிருந்து கீழே பாருங்கள். விதி இதுதான்: ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில், எது மிக முன்னால் இருக்கிறதோ அதுதான் ஊற்று. ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், ஆகவே பின்னால் கீழே ஈரமாக இருப்பது ஒன்றையும் நிரூபிப்பதில்லை.

வேனில் இது காரைவிடக் கடினம். பல வேன்களில் இன்ஜின் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, மூக்கு நீண்ட வேன்களில் இன்ஜினின் பின்பாதி டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலே பார்க்கச் சிரமம் என்பதால் கீழே இருந்து மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடுகிறார்கள். சீட்டைத் தூக்கி, இன்ஜின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கண் போகாத இடத்துக்குப் போன் கேமராவை நீட்டி வீடியோ எடுங்கள். டேப்பட் கவரின் பின் ஓரம், கேம் ஷாஃப்ட் முனையில் இருக்கும் அரைவட்ட ரப்பர் அடைப்பு, டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருக்கும் ஓ ரிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், டீசல் என்றால் வாக்குவம் பம்ப், டர்போவின் ஆயில் திரும்பும் குழாய்: இவை இன்ஜினின் பின்பக்கம் இருந்தால், கசிவது எல்லாம் வந்து விழுவது பெல் ஹவுசிங்கில்தான்.

கழுவியும் பிடிபடவில்லை என்றால் புற ஊதா சாயம் இருக்கிறது. ஆயிலில் கலந்து, ஒன்றிரண்டு நாள் ஓட்டிவிட்டு, அதற்கான விளக்கை இருட்டில் அடித்தால் கசிந்த பாதை மஞ்சள் பச்சையாக மின்னும். கழுவிக் காய்ந்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு ஓட்டிப் பார்ப்பதும் நல்ல வழிதான், ஆயில் ஊறும் இடத்தில் பவுடர் கறுத்துக் கோடு போட்டுக் காட்டும்.

கடைசியாக அழுத்தச் சோதனை. இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாகத் திறப்பின் மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பயமில்லை. மூடியைத் தூக்கித் தள்ளினால், புகை குப்குப்பென்று வந்தால், உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அப்போதும் ரிங் போய்விட்டது என்று உடனே முடிவுக்கு வராதீர்கள், பிரீதர் குழாயையும் அதிலிருக்கும் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். குறுகிய தூரமே ஓடும் வேன்களில் ஈரமும் ஆயிலும் கலந்த கூழ் பிரீதரை அடைத்துவிடும். அதைச் சுத்தம் செய்ததும் கசிவு பாதியாகக் குறைந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

கீழே படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேன் கனமானது, சரக்கு இருந்தால் முதலில் இறக்குங்கள்.

## ஐந்து வழிகள் ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் நிலை | மறைந்திருக்கும் செலவு | நிலைப்பது |
|---|---|---|---|
| ஊற்றி ஓட்டுவது | மெல்லிய கசிவு, தரையில் மட்டும் விழுவது | மவுண்டிங், ஹோஸ் ரப்பர் கெடுவது, வாரா வாரம் கவனிப்பு | கசிவு பெரிதாகும் வரை |
| மருந்து, கனமான ஆயில் | இறுகிய ரப்பர் சீல், மெதுவான கசிவு | வீணாகும் காலம், ஒத்துவராத ஆயில் | நிச்சயமில்லை |
| வெளிப் பேக்கிங், ஓ ரிங் மாற்றுவது | டேப்பட் கவர், சேம்பர் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி), சுவிட்ச் | முறியும் போல்ட், உடையும் பழைய குழாய்கள் | பல வருடம் |
| கியர்பாக்ஸ் இறக்கி பின் சீல் | உறுதியான பின் சீல் கசிவு, கிளட்ச் நனைவது | கூடவே மாற்ற வேண்டிய கிளட்ச் பாகங்கள் | சரியாகப் போட்டால் பல வருடம் |
| இன்ஜினை மாற்றுவது, வண்டியை விடுவது | ரிங் தேய்ந்து அழுத்தம் ஏறிய இன்ஜின் | வரும் இன்ஜினின் வயதான சீல்கள் | வரும் இன்ஜினைப் பொறுத்தது |

## ஊற்றி ஓட்டுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். டேப்பட் கவர் ஓரம் லேசாக வியர்த்திருக்கிறது, ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை லிட்டர் கூட ஊற்றத் தேவைப்படவில்லை, ஆயில் சூடான எதன் மேலும் படவில்லை என்றால், தாராளமாக ஊற்றி ஓட்டலாம். வேனை ஆறு மாதத்தில் விற்கப் போகிறவர்களுக்கும் இது போதும், வாங்குகிறவரிடம் கசிவை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் ஆயிலில் ஊறி இளகினால் ஒரு நாள் கியர் போடும்போது இன்ஜினே குதிக்கும். மேலே பூசியிருக்கும் ஆயில் தூசியைப் பிடித்துக் கனத்த போர்வையாகிச் சூட்டை வெளியே விடாது. சீட்டுக்கடியில் இன்ஜின் உள்ள வேனில் எரிந்த ஆயில் வாடை நேராக உள்ளே வரும், தலைவலி வரும், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயில் கசிவு உள்ள வண்டியைத் தகுதிச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவது பல நாடுகளில் வழக்கம். மண்ணில் இறங்கும் ஆயில் நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அடியில் தட்டு வைத்துப் பிடிப்பதாவது நம் கடமை.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. தினமும் புது ஆயில் ஊற்றுகிறேனே, ஆயில் மாற்ற வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள், பழைய அழுக்கு உள்ளேயேதான் இருக்கிறது, ஃபில்டரும் அடைபடும். அப்புறம் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான பழைய வண்டிகளில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் மிகக் கீழே விழுந்தால்தான் எரியும். அது எரியும் நேரத்தில் பேரிங்குகள் ஏற்கெனவே அடிவாங்கத் தொடங்கியிருக்கும். வேனைப் பல பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள் என்றால் இந்த வழியே வேண்டாம், எல்லோரும் ஓட்டும் வண்டியில் டிப் ஸ்டிக்கை யாரும் பார்ப்பதில்லை.

## மருந்தும் கனமான ஆயிலும்

கசிவை நிறுத்தும் மருந்துகளில் பெரும்பாலானவை செய்வது, காலப்போக்கில் இறுகிச் சுருங்கிய ரப்பரை மறுபடி இளக்கிக் கொஞ்சம் வீங்க வைப்பது. இது புரிந்தால் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதும் புரிந்துவிடும். கிராங்க் சீல், கேம் சீல் போன்ற ரப்பர் உதடு இறுகிப் போயிருந்தால் பலன் கிடைக்கலாம். கார்க் பேக்கிங், காகித பேக்கிங், சிலிகான் பேஸ்ட் போட்ட இணைப்பு, வெடித்த சீல், சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்த ஷாஃப்ட் இவற்றுக்கு எந்தப் பாட்டிலும் உதவாது. பலன் தெரிய சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒரு பாட்டிலில் நிற்கவில்லை என்று இரண்டாவது, மூன்றாவது ஊற்றாதீர்கள், அளவு மீறினால் நல்ல சீல்களும் இளகிக் கொழகொழத்துவிடும். பிரேக் ஆயிலைக் கொஞ்சம் இன்ஜினில் ஊற்றினால் கசிவு நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள், அது இன்ஜின் ஆயிலோடு சேராது, ரப்பரையும் ஆயிலின் குணத்தையும் கெடுத்துவிடும்.

இதைவிட மென்மையான வழி, அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்று வரும் ஆயிலுக்கு மாறுவது. அதில் சீலைப் பராமரிக்கும் பொருள் அளவாகக் கலந்திருக்கும், எப்படியும் ஆயில் மாற்றத்தானே போகிறீர்கள். கனமான ஆயிலுக்குத் தாவுவதில் மட்டும் நிதானம் வேண்டும். கையேட்டில் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 (ஆயிலின் கனத்தைக் குறிக்கும் எண்கள்) இரண்டுக்கும் இடம் இருந்தால் கனமானதைப் போடுங்கள், கசிவு கொஞ்சம் குறையும். 5டபிள்யூ-30 மட்டும் கேட்கும், வால்வு நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் இன்ஜினில் கனமான ஆயில் சின்னத் துளைகள் வழியே சரியாகப் போகாது, குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஏறவும் தாமதமாகும்.

பின் சீல் மெதுவாகக் கசிகிறது என்று உறுதியாகத் தெரிந்து, கிளட்ச் நனையவில்லை, கியர்பாக்ஸை இறக்க இப்போது வசதியில்லை என்றால் ஒரு முறை முயன்று பார்ப்பது நியாயம். டேப்பட் கவர் கசிவுக்கு மருந்து வாங்குவது மட்டும் வீண், அந்தப் பணத்தில் பேக்கிங்கே வாங்கிவிடலாம்.

## வெளிப்பக்கப் பேக்கிங்குகளை மாற்றுவது

பழைய வேன்களில் பெரும்பாலான கசிவுகள் இங்கேதான் முடியும் என்பது என் அனுபவம். வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களே பலவற்றைச் செய்துகொள்ளலாம்.

டேப்பட் கவரில் எல்லோரும் முதலில் செய்வது போல்ட்டை இன்னும் இறுக்குவது. இறுகிய பேக்கிங்கை இறுக்கினால் அது பிளக்கும், தகட்டுக் கவர் என்றால் போல்ட் இருக்கும் இடம் குழிந்து நடுவில் இடைவெளி கூடும். பேக்கிங்கை மாற்றுங்கள். பழையதைச் சுரண்ட அலுமினிய ஹெட்டில் இரும்பு பிளேடு போடாதீர்கள், ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவு. மரத் துண்டோ பிளாஸ்டிக்கோ போதும். துடைத்துக் காயவிட்டு, போல்ட்டுக்கடியில் இருக்கும் ரப்பர் வாஷர்களையும் மாற்றுங்கள், பிளக் குழாய் சீல்கள் தனியாக வந்தால் அவற்றையும் சேர்த்து, இல்லாவிட்டால் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கி மிஸ்ஸிங் வரும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பல இன்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் கேட்கிறார்கள், கையேட்டில் உங்கள் வண்டியின் எண்ணைப் பாருங்கள், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

சிலிகான் பேஸ்ட் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும். கையேடு சொல்லும் மூலைகளில், உதாரணமாக டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் இடத்தில், ஒரு பொட்டு. அவ்வளவுதான். பேக்கிங் முழுக்கப் பூசினால் உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து சேம்பரில் விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினுக்கே ஆயில் கிடைக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். பேஸ்ட் போட்டால் டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் 24 மணி, காயவிடுங்கள்.

பிரஷர் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ ரிங், டிப் ஸ்டிக் குழாயின் ஓ ரிங் இவை மலிவான, சீக்கிரம் முடிகிற வேலைகள், கசிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

ஆயில் சேம்பர் வேறு கதை. பேக்கிங் மலிவு, ஆனால் பல வேன்களில் குறுக்குச் சட்டம் வழிமறிக்கும், மவுண்டிங்கைக் கழற்றி இன்ஜினைத் தூக்கினால்தான் சேம்பர் வெளியே வரும். கூலி கேட்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். இறக்கிய தகட்டுச் சேம்பரில் போல்ட் துளைகளைச் சுற்றி மேடாகியிருந்தால் மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமமாக்க வேண்டும், அதைச் செய்யாமல் புது பேக்கிங் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடி ஈரம். உள்ளே உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

முன்பக்க கிராங்க் சீலையும் கேம் சீலையும் டைமிங் பெல்ட்டோடு சேர்த்தே யோசியுங்கள். பெல்ட் மாற்றும் காலம் நெருங்கினால் சீல், டென்ஷனர், பெல்ட்டால் ஓடுவதாக இருந்தால் தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே கூலியில் முடித்துவிடலாம். ஏற்கெனவே நனைந்த பெல்ட்டைத் துடைத்துப் போடக் கூடாது, புதுசுதான்.

பழைய வண்டியில் இந்த வழியின் மறைந்த செலவு, தொட்டால் உடைவது. துருப்பிடித்த போல்ட் தலை முறியும், வெயிலும் சூடும் பட்டுக் காய்ந்த வாக்குவம் குழாயும் பிளாஸ்டிக் கனெக்டரும் கையோடு வரும். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றவும் வேண்டாம். மேலே இருப்பதை முதலில் மாற்றி, கழுவி, 500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கீழே ஈரம் இருந்தால் மட்டும் அடுத்ததற்கு இறங்குங்கள்.

## கியர்பாக்ஸை இறக்கிப் பின் சீல் போடுவது

சீலின் விலை ஒன்றுமில்லை, முழுச் செலவும் கூலி. அதனால்தான் இது கடைசியாக நிரூபிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டு. இன்ஜினின் மேல்பக்கமும் பின் சுவரும் காய்ந்திருக்கிறது, பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் மட்டும் இன்ஜின் ஆயில் புதிதாக ஈரம் காட்டுகிறது, சாயம் போட்டும் மேலே ஒன்றும் மின்னவில்லை, பிரீதர் சுத்தம் என்றால்தான் இறக்கச் சொல்லுங்கள்.

எப்போது தள்ளிப்போடக் கூடாது என்றால், கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கிவிட்டால். மேட்டில் சரக்கோடு ஏறும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, அதோடு ஆயில் எரியும் வாடை என்றால் பிளேட் நனைந்துவிட்டது, ஆயில் குடித்த பிளேட்டைக் காப்பாற்ற முடியாது. மாறாக, சொட்டு மெதுவாக இருந்து கிளட்ச் நன்றாகப் பிடித்தால், அடுத்த கிளட்ச் மாற்றும் வரை ஊற்றி ஓட்டிவிட்டு இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் கணக்குக்குச் சரி. கிளட்ச் எப்படியும் இந்த வருடம் மாற்ற வேண்டியது என்றால், சீல் வேலை ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இறக்கிய பிறகு பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் இன்புட் சீல் எல்லாவற்றையும் பாருங்கள். சீல் உட்காரும் ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும், மெல்லிய உறை ஒன்றைப் போடலாம், அல்லது சீலைச் சற்று உள்ளேயோ வெளியேயோ உட்காரவைத்து உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். சாதாரண ரப்பர் சீலின் உதட்டில் ஆயில் தடவிப் போட வேண்டும், டெஃப்ளான் உதடு உள்ள சீலை உலர்வாகத்தான் போட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் போட்ட சீல்கள் வாரத்திலேயே கசிகின்றன. கியர்பாக்ஸ் இறங்கியதும் என்னைக் கூப்பிடுங்கள், சீலைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

## இன்ஜினை மாற்றுவது, அல்லது வேனை விடுவது

பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் மூடியைத் தூக்கித் தள்ளுகிறது, கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களின் அழுத்தம் கீழே விழுந்திருக்கிறது, சைலன்சரில் நீலப் புகையும் வருகிறது என்றால் கசிவு நோய் அல்ல, அறிகுறி. அந்த இன்ஜினுக்கு சீல் வாங்குவதை நிறுத்துங்கள். பாடியில் துரு இல்லை, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் இன்ஜினைப் பிரித்து வேலை செய்வதோ ஓடிய வேறு இன்ஜின் போடுவதோ அர்த்தமுள்ளது. சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் புது இன்ஜினை அதில் மாட்டாதீர்கள்.

ஓடிய இன்ஜின் வாங்கினால், வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போதே முன் சீல், பின் சீல், டேப்பட் கவர், சேம்பர் பேக்கிங் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். அலமாரியில் வருடக் கணக்கில் கிடந்த இன்ஜினின் சீல்கள் காய்ந்துதான் இருக்கும், உள்ளே ஏற்றிய பிறகு அதே கசிவுக்கு மறுபடி கூலி கொடுப்பது மனதை உடைத்துவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை முடிந்த அன்றே இன்ஜினை இன்னொரு முறை கழுவிவிடுங்கள். பழைய ஆயில் இடுக்குகளில் தங்கி இரண்டு மூன்று நாள் வழிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு வேலை சரியில்லை என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. 50 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500 கிலோமீட்டரில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், அட்டையையும் ஒரு வாரம் அடியிலேயே விட்டு வையுங்கள்.